உரசாத இரண்டு குரல்கள்

மரச்சாமான் கடைக்கு மேலே ஒரு நீள அறை. படியேறும்போதே வார்னிஷ் நாற்றம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். பாட்டுச் சொல்லிக்கொடுக்க இதைவிட மோசமான இடம் கிடைக்காது என்று பெரிய டீச்சரே சொல்வாள். ஆனாலும் வருடக்கணக்காக வகுப்பு அங்கேதான். வகுப்பு நேரத்தில் கடைக்காரர் டப்பாவைத் திறந்துவிட்டால் போதும், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, மேசைக்குப் பூசுறீங்களா, எங்க தொண்டைக்குப் பூசுறீங்களா?" என்று ஒரு அதட்டல் போடுவாள். அவரும் பேசாமல் டப்பாவை மூடிவிடுவார். பெரிய டீச்சரை எதிர்த்துப் பேசிப் பிழைத்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

சின்ன டீச்சர் அவளுடைய தங்கை. வாயில்லாப் பூச்சி. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிடுவாள். பாடுவதற்கு வாயைத் திறந்தால்தான் இந்த மனுஷிக்கு இவ்வளவு குரலா என்று ஆள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்தே பாடுகிறவர்கள். கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று அந்த வட்டாரத்தில் ஒரு மைக் நட்டால் அதன் முன்னால் இந்த அக்கா தங்கைதான் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள்: தையல்கடை அம்மா, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர், மருந்துக்கடையில் நிற்கிற இரண்டு பெண்கள், இப்படி. குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. "பிள்ளைங்க வந்தா கூடவே அம்மாக்களும் வந்து உட்கார்ந்துக்கிறாங்க. உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் எப்ப மேடை, எப்ப மேடைனு கேக்கிறாங்க. எனக்கு அந்தப் பொறுமை இல்லை தாயே" என்பாள் பெரியவள்.

தாய் போனபோது சின்னவளுக்கு விவரம் தெரியாத வயது. அக்காதான் தலை வாரிவிட்டாள், அக்காதான் பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள் என்பதுதான் விசேஷம். பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு சுரம் சொல்லுவாள். சுரம் தப்பினால் பின்னலுக்கு ஒரு இழுப்பு. சரியாக வந்தால் அடுத்த கால் பின்னப்படும். ஸ்கூலுக்குப் போகும்போது ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தொளதொளவென்றும் இருக்கும் பின்னலைப் பார்த்தே அன்றைக்குப் பாட்டு எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். சின்னவளுக்கு நல்ல காது என்று ஊரில் பேர். அந்தக் காதை வளர்த்தது அக்கா.

பெரியவளுடைய புருஷன் வேலைக்கு வெளியூர் போனார். போனவர் அங்கேயே ஒரு குடும்பமும் வைத்துக்கொண்டார் என்று சேதி வந்த அன்று ஒரு வரவேற்பில் கச்சேரி இருந்தது. போக வேண்டாம் அக்கா என்று சின்னவள் அழுதாள். "அந்த ஆளு போனா போகட்டும். தொண்டை இருக்குல்ல எனக்கு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள் பெரியவள். அன்றைக்கு அவள் பாடியது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பாடியதில்லை என்று சின்னவள் இன்றைக்கும் நினைக்கிறாள். அக்காவுக்குப் பாட்டைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

போன வருடம் மழைக்காலத்தில் பெரியவள் ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தாள். காய்ச்சல் போய்விட்டது, கொஞ்ச நாள் காது அடைத்திருந்தது, பிறகு அதுவும் சரியாகிவிட்டது என்றாள். அதற்கடுத்த கச்சேரியில்தான் சின்னவள் முதன்முதலாக அதைக் கேட்டாள். பாட்டு மேலே ஏறி, உச்சியில் மேல் ஸாவில் போய் நிற்கிற இடம். இரண்டு குரலும் ஒன்றாக நிற்க வேண்டும். அக்காவின் குரல் கடுகளவு கீழே நின்றது.

கடுகளவுதான். ஒரு ஆள் தனியாகப் பாடி அவ்வளவு இறங்கினால் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பாடி ஒருவர் மட்டும் இறங்கினால் பாட்டே தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். இரண்டு குரலும் ஒன்றோடொன்று உரசும். சரியாகப் பொருந்தாத கதவு, சாத்தும்போதெல்லாம் நிலையில் இடிக்குமே, அந்த மாதிரி. முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். சின்னவளுக்கு யோசிக்க நேரமில்லை. அக்கா இருந்த இடத்துக்குத் தன் குரலையும் இறக்கிக்கொண்டாள். உரசல் நின்றது. முன்வரிசைக்காரரும் முகத்தை நேராக்கிக்கொண்டார்.

ஒரு தடவை என்று நினைத்து இறங்கியவள்தான். அப்புறம் இறங்குவதே வழக்கமாகிவிட்டது.

சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் எப்போதோ ஒரு விழாவில், சுருதி சேராமல் பாடிய ஒரு வயதான பாடகரைக் கேட்டுவிட்டு வந்து பெரியவள் சொன்ன வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. "எனக்கு இப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா, அன்னைக்கே வாயை மூடிக்குவேன். ஊரு சிரிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்க மாட்டேன்." சொன்னதைச் செய்கிற பிறவி அது. சொல்லிவிட்டால் அக்கா அன்றைக்கே நிறுத்திவிடுவாள். நிறுத்திவிட்டு அந்த வீட்டில் என்ன செய்வாள்? சுவரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பாள்? சின்னவள் ஒவ்வொரு தடவையும் வார்த்தையை மென்று முழுங்கினாள்.

கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களும் இருந்தன. அக்கா வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். மேடையில் எத்தனையோ வருடமாகத் தங்கையை வலது பக்கம் வைத்துக்கொண்டு பாடியவள், "அந்தப் பக்கம் ஃபேன் காத்து முகத்துல அடிக்குது" என்று சொல்லி இடது பக்கம் உட்காரச் சொன்னாள். வகுப்பில் எந்த அடியையும் தானே முதலில் பாடிக் காட்டுகிறவள், "நீ எடு, நான் சேர்ந்துக்கிறேன்" என்று விட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். வயசாக ஆக அக்காவுக்குப் பெரிய மனசு வருகிறது என்று சின்னவள் கண் கலங்கியதுதான் மிச்சம். அக்காவுக்குக் கேட்பது கொஞ்சம் மந்தம், ஆனால் அது அக்காவுக்கே தெரியாது. இப்படித்தான் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

வயலின்காரரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. பகலில் செல்போன் பழுதுபார்க்கிற மனுஷன், மாலையில் இவர்களுக்கு வாசிப்பார். ஒரு நாள் வகுப்பு முடிந்து பெட்டியை மூடிக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, மேல போறப்ப எனக்கு விரலை எங்க வைக்கிறதுனே தெரியல. அக்கா இறங்குறாங்களா, நீ இறங்குறியா? யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டுப் போறீங்கனு ஒண்ணும் புரியலையே."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. மைக் சரியில்ல" என்றாள் சின்னவள்.

வகுப்பில் மைக்கே கிடையாது. அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து மூட்டு வலி, படியேற முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டார். மூட்டு வலிக்காரர் அவருடைய கடைக்குப் பக்கத்து மாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை மருந்துக்கடைப் பெண்கள் பார்த்தார்கள். பெரியவளிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் நர்ஸ் வந்து சேர்ந்தாள். பக்கத்து கிளினிக்கில் வேலை. முன்பின் பாட்டுப் படித்தவள் இல்லை. சின்ன வயதிலிருந்து ஆசை, இப்போதுதான் வேலை நேரம் ஒத்துவந்தது என்று கூச்சத்தோடு சொன்னாள். மற்றவர்கள் டீச்சர் வாயைப் பார்த்துப் பாடுவார்கள். நர்ஸ் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, மூலையில் முனகிக்கொண்டிருக்கும் சுருதிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு பாடினாள். அவளுக்கு அதுதான் டீச்சர். வந்த சில வாரத்திலேயே அவள் குரல் நூல் பிடித்த மாதிரி நின்றது.

அதுதான் வினையாகப் போனது. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து மேல் ஸாவில் நின்றார்கள். பெரியவள் கீழே நின்றாள். சின்னவள் அவளோடு நின்றாள். இத்தனை மாதமாக இவர்கள் இரண்டு பேரைக் கேட்டே பழகிய மொத்த வகுப்பும், தபால்காரர் உட்பட, அதே இடத்தில் கும்பலாக நின்றது. நர்ஸ் ஒருத்தி மட்டும் மேலே, சரியான இடத்தில், தன்னந்தனியாக நின்றாள்.

பெரியவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"யாரோ தனியா நிக்கிறீங்க. யாரது?"

எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள். நர்ஸ் சிவந்துபோனாள். "நான்தான் டீச்சர். பெட்டியோட சேர்ந்து பாடினேன். பெட்டி அங்கதான்..."

பெரியவள் தங்கையின் பக்கம் திரும்பினாள். "யாருடி சரி? நீ சொல்லு."

கீழே யாரோ பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் அன்றைக்கு வழக்கமான அதட்டல் இல்லை, வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

"நர்ஸ்தான் கொஞ்சம் மேல போயிடுறாங்க அக்கா" என்றாள்.

பெரியவள் மூச்சை விட்டாள். "சரி. நர்ஸம்மா, பெட்டியை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல கூட இருக்கிறவங்களோட சேர்ந்து பாடப் பழகணும்."

நர்ஸ் தலையாட்டினாள். மீதி வகுப்பு முழுக்க வாயை மட்டும் அசைத்தாள், சத்தம் வரவில்லை. அடுத்த வாரம் டியூட்டி மாறிவிட்டது என்று தையல்கடை அம்மாவிடம் சொல்லியனுப்பினாள். சின்னவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ள வேண்டிய நாக்கை உள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்த நாளும் வகுப்பெடுத்தாள். அவளைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நூலகத்துக்குப் புதிதாக ஒரு அரங்கம் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதில் முதல் நிகழ்ச்சி. முன்னால் அக்கா தங்கை, பின்னால் வகுப்பு முழுக்கப் புதுத் துணியில். சின்னவள் உட்கார்ந்து தலையை நிமிர்த்தியபோது மூன்றாவது வரிசையில் நர்ஸ் இருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. பாட்டுத் தொடங்கியது. தெரிந்த பாட்டு. சபையில் பாதிப் பேர் உதட்டை அசைத்துக் கூடவே முணுமுணுத்தார்கள். நர்ஸின் அம்மாவும் முணுமுணுத்தாள். நர்ஸ் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு மேலே ஏறியது. மேல் ஸா வந்தது. அக்கா போய் நின்ற இடம் சபையில் எல்லோருக்கும் தெரிகிற அளவுக்குக் கீழே இருந்தது. கடுகளவெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. சின்னவள் இறங்கவில்லை. சுருதிப்பெட்டி காட்டிய இடத்தில் தன் குரலை நிறுத்தினாள்.

அரங்கம் முழுக்க உரசல் எழுந்தது. அக்கா சட்டென்று தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். குரலை இன்னும் கொஞ்சம் கீழே தேடினாள், மேலே தேடினாள், இருட்டறையில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி. கிடைக்கவில்லை. பின்னால் இருந்த வகுப்பு யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் சிதறியது. சபை ஒன்றாகத் திரும்பி மைக் செட்காரரைப் பார்த்தது. அந்தப் பாவப்பட்ட மனுஷன் ஓடிப்போய் நன்றாக இருந்த வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்.

பெரியவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். முகம் மாறவில்லை. மடியில் தாளம் மட்டும் போட்டாள். மிச்சப் பாட்டையும், அதற்கப்புறம் இருந்த பாட்டுகளையும் சின்னவள் தனியாகப் பாடி முடித்தாள். தங்கைக்கு வழிவிட்டு அக்கா ஒதுங்கி நின்றது எவ்வளவு பெருந்தன்மை என்று விழாத் தலைவர் நன்றியுரையில் வேறு சொன்னார்.

மேடைக்குப் பின்னால் பழைய நாற்காலிகள் அடுக்கிய ஒரு அறை. அக்கா கதவைச் சாத்தினாள். சின்னவள் முந்திக்கொண்டாள். "அக்கா, கோவிச்சுக்காத. உன்னை அவமானப்படுத்தணும்னு செய்யல. உனக்கு மேல சுருதி இறங்குது. ரொம்ப நாளா இறங்குது. நான் சொல்லல. நீ பாடுறதை விட்டுருவியோனு பயந்து நானும் உன்கூட இறங்கிக்கிட்டே இருந்தேன்."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்."

"எனக்கு வலது காது சுத்தமா கேக்கல, இடதும் மந்தம்தான். டாக்டர்கிட்ட காட்டிட்டேன், திரும்பாதுன்னுட்டார். பெட்டிச் சத்தம் எங்க இருக்குனே தெரியல எனக்கு." அக்கா தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "அதனாலதான் உன்னை இந்தப் பக்கம் உட்கார வச்சேன். உன்னை முதல்ல எடுக்கச் சொன்னேன். என் குரலும் உன் குரலும் உரசுதா உரசுதானு மட்டும் பாத்துக்கிட்டே பாடினேன். உரசலேன்னா நான் சரியா நிக்கிறேன்னு நெனச்சேன். நீ நிக்கிற இடம் தப்பாப் போகாதுனு நம்பி உசிரையே வச்சிருந்தேன்டி."

சின்னவளுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. அக்கா அவளைப் பிடித்துக்கொண்டு பாடினாள், அவள் அக்காவைப் பிடித்துக்கொண்டு பாடினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கீழே போயிருக்கிறார்கள். முதல் நாளே சின்னவள் தன் இடத்தில் இறங்காமல் நின்றிருந்தால் அக்கா அந்தக் கடுகளவு மேலே ஏறி வந்து சேர்ந்திருப்பாள்.

"அன்னைக்கு அந்த நர்ஸ்?" என்று அக்கா கேட்டாள். "எனக்குச் சந்தேகம்தான். அதான் உன்னைக் கேட்டேன். அந்தப் பொண்ணு சரியாத்தான் பாடிச்சா?"

"சரியாத்தான் பாடினாங்க."

அக்காவுக்குக் கோபம் வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். வந்திருந்தால் தேவலை. பெரியவளின் கண்ணில் தண்ணீர் நின்றது. புருஷன் போன அன்றைக்குக்கூட அதைத் தங்கை பார்த்ததில்லை.

"எனக்குக் காது போச்சு, சரி. உனக்கு என்னடி போச்சு?" என்றாள்.

மறுநாள் காலையில் சின்னவள் கிளினிக்குக்குப் போனாள். நோயாளிகளின் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "அன்னைக்கு நீங்க பாடினதுதான் சரி. நான் தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்" என்றாள். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் அவளைப் பார்த்தாள்.

"சமையல் பண்றப்பகூட முணுமுணுப்பேன் டீச்சர். அதையும் விட்டுட்டேன். எனக்குக் காதே சரியில்லனு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு, "இதை அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அந்த வார வகுப்பில் சின்னவள் எல்லோர் முன்னாடியும் சொன்னாள். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தையல்கடை அம்மா, "அப்ப நாங்க இத்தனை நாள் படிச்சதெல்லாம்?" என்று கேட்டாள். நர்ஸ் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. பெரியவள் தன் இடத்திலிருந்து எழுந்து, பாயைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துக்கடைப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அக்கா இடது காதை மட்டும் முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ம், எடு" என்றாள்.

சின்னவள் எடுத்தாள். மேல் ஸாவில் போய் நின்றாள். பின்னாலேயே வகுப்பின் குரல்கள் ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறி மேலே வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு குரல் மட்டும் தனியாக நின்று உரசிக்கொண்டே இருந்தது. தலை பின்னிக்கொண்டே பாட்டுச் சொல்லிக்கொடுத்த குரல். சின்னவளின் தொண்டை பழக்கதோஷத்தில் அதை நோக்கி இறங்கப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் இறங்கவில்லை.